ஏழாம் அத்தியாயம்: யந்திரம் எழ மறுக்கும்போது

லினக்ஸைத் தம் கணினியில் நிறுவிக்கொண்டு ஒரு மாதமோ இரண்டு மாதமோ சௌக்கியமாகக் காலங்கழித்த ஒருவர், திடீரென்று ஒருநாள் காலையில் கறுத்த திரையின் முன், அதன் மூலையில் கண்சிமிட்டும் சிறு கோட்டைப் பார்த்தபடி உட்கார நேரும்போது, அவர் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை "ஓடவில்லை" என்பதுதான். உதவிக்கு வருபவனுக்கு இதைவிடப் பிரயோசனமற்ற வார்த்தை வேறில்லை. எது ஓடவில்லை, எந்தப் படிவரையில் ஓடிற்று, நேற்று ஓடியதற்கும் இன்று நின்றதற்கும் நடுவே எதில் யார் கை வைத்தார்கள் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. இவற்றுள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் எல்லாரும் "ஒன்றும் செய்யவில்லையே" என்றுதான் பதில் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம்.

பித்தானை அமுக்கியது முதல் பாஸ்வேர்ட் கேட்கும் திரை வரையில் நடப்பவையெல்லாம் ஒரு கிரமத்தில் நடப்பவை. மதர்போர்டில் குடியிருக்கும் யுஇஎஃப்ஐ என்னும் பூர்வாங்க நிரல் முதலில் விழித்துக்கொண்டு டிஸ்கைத் தேடுகிறது. டிஸ்கில் உள்ள கிரப் என்னும் துவக்கி, கெர்னலையும் அதற்குத் துணையாக இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கெர்னல் அந்த மூட்டையிலுள்ள டிரைவர்களின் உதவியால் உண்மையான டிஸ்கைத் திறந்து, பொறுப்பைச் சிஸ்டம்டி என்பதனிடம் ஒப்படைக்கிறது. சிஸ்டம்டி மற்றச் சேவைகளையெல்லாம் எழுப்பிக் கடைசியில் லாகின் திரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆகவே திரை எந்த இடத்தில் உறைந்து நிற்கிறது என்பதே கோளாற்றின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனியின் சின்னம் மட்டும் வந்து, கிரப் தலைகாட்டாமல் நேரே விண்டோஸ் வந்துவிட்டால், லினக்ஸ் அழிந்துபோகவில்லை, யுஇஎஃப்ஐ-யின் வரிசையில் அது பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவே. "கிரப் ரெஸ்க்யூ" என்ற சொற்களோடு நின்றால், கிரப் எழுந்துவிட்டது, தன் ஃபைல்கள் இருந்த பார்ட்டிஷனைத்தான் காணாமல் தவிக்கிறது. யாரோ பார்ட்டிஷன்களை அழித்தோ நகர்த்தியோ இருக்கிறார்கள். கெர்னல் தொடங்கி, மூல பார்ட்டிஷனைத் திறக்க முடியவில்லை என்று அலறி நின்றால், புதிய கெர்னலின் நிறுவல் அரைகுறையாக முடிந்திருக்கலாம். கிரப் பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்ற வரிக்குள் சென்று பழைய கெர்னலைத் தேர்ந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

கட்டளைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்நூல் முழுவதிலும் அவற்றைத் தமிழ் எழுத்திலேயே ஒலிப்படி அச்சிட்டிருக்கிறோம். உயிரெழுத்து விடுபட்ட குறுக்கங்களை எழுத்தெழுத்தாக ஒலித்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பேரெழுத்தில் தட்ட வேண்டிய இடங்களில் அதைக் குறிப்பிட்டே சொல்வேன்.

திரையில் ஓடும் செய்திகளைக் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்வது மிக எளிய உபாயம். ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைச் செய்வதில்லை. பதற்றத்தில் மூன்று முறை, நான்கு முறை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். பிறகு யாரோ எவருக்கோ எழுதிக் கொடுத்த நாலு வரிக் கட்டளையை, அது என்ன செய்யும் என்று அறியாமலேயே சூடோ சேர்த்து ஓட்டிவிடுகிறார்கள். அதோடு ஒரு கோளாறு இரண்டாகிறது. அடுத்த வீட்டுக்காரருக்கு வைத்தியர் கொடுத்த சூரணத்தை நாம் வாங்கிச் சாப்பிடுவதில்லை அல்லவா? ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம், அந்த மாற்றத்தையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு செய்வது என்பதைத் தவிர எனக்குத் தெரிந்த சாமர்த்தியம் வேறொன்றும் இல்லை. யந்திரம் ஒருவாறு எழுந்துவிட்டால், "ஜர்னல்சிடிஎல் -பி -1" என்ற கட்டளை, அது இதற்கு முந்தைய தடவை எழ முயன்றபோது எழுதிவைத்த தினக்குறிப்பை அப்படியே காட்டும். அதில் சிவப்பு நிறத்தில் வருவனவெல்லாம் ஆபத்தல்ல. ஆரோக்கியமான யந்திரத்திலும் நாலைந்து சிவப்பு வரிகள் எப்போதும் இருக்கும். நல்ல நாளில் ஒருமுறை அதைப் படித்து வைத்திருந்தால், கெட்ட நாளில் எது புதிது என்று தெரியும்.

இனி, என் சொந்த அனுபவத்தில் ஒரு சம்பவத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன். ஏனெனில் புதியவர்கள் மட்டுமல்ல, பல வருஷம் பழகியவர்களும் விழும் குழி இது. என் மேஜைக் கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரண்டாவதாகப் பொருத்தி, படங்களையும் கணக்குகளையும் அதில் நகலெடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அதைக் கையால் திறக்கச் சோம்பல்பட்டு, "/இடிசி/எஃப்எஸ்டேப்" என்னும் ஃபைலில் அதற்காக ஒரு வரி எழுதிவிட்டேன். எட்டு மாதம் கழித்து, என் தங்கை மகனுக்கு ஒரு டிஸ்க் தேவைப்படவே, அதைக் கழற்றிக் கொடுத்தனுப்பினேன், வரியை மறந்தேபோனேன். மறுநாள் காலை யந்திரம் பாதி வழியில் நின்றது. ஒரு டிஸ்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரியும், அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் முப்பது விநாடி என்ற கெடுவும், ஒவ்வொரு விநாடியாக ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரமுமாகத் திரை இருந்தது. கெடு முடிந்ததும், அவசர நிலைக்கு வந்துவிட்டோம் என்ற அறிவிப்போடு ரூட் பாஸ்வேர்டைக் கேட்டது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நான் முடிவு கட்டி, கேபிள்களைக் கழற்றி மாட்டி, அரைநாளைப் பாழாக்கினேன். செய்தியில் தெளிவாகவே இருந்த யுயுஐடி என்னும் அடையாள எண்ணை, இருக்கும் டிஸ்கின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது மத்தியானத்துக்கு மேல்தான்.

எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒவ்வொரு வரியிலும் ஆறு பத்திகள்: எந்தச் சாதனம், அதை எந்த ஃபோல்டரில் பொருத்துவது, என்ன வகை ஃபைல் சிஸ்டம், என்ன நிபந்தனைகள், கடைசியில் இரண்டு எண்கள். சாதனத்தை "எஸ்டிஏ", "எஸ்டிபி" என்ற பெயரால் எழுதுவது தவறு; பென் டிரைவ் ஒன்று செருகியிருந்தாலே அந்தப் பெயர்கள் இடம் மாறிப்போகலாம். "பிஎல்கேஐடி" என்ற கட்டளை காட்டும் யுயுஐடி எண்ணையே எழுத வேண்டும். கழற்றக்கூடிய டிஸ்க் எதுவானாலும் நிபந்தனைப் பத்தியில் "நோஃபெயில்" என்ற ஒரே சொல்லைச் சேர்த்திருந்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் யந்திரம் தன்பாட்டுக்கு எழுந்திருக்கும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்காததற்குத்தான் நான் அரைநாள் அபராதம் கட்டினேன். ஃபைலைத் திருத்தியவுடன் ரீஸ்டார்ட் செய்யாமல், "ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை" என்று ஒருமுறையும் "மவுண்ட் -ஏ" என்று ஒருமுறையும் ஓட்டிப் பார்த்துவிடுக. பிழை இருந்தால் அப்போதே, யந்திரம் உயிரோடிருக்கும்போதே, அது சொல்லிவிடும்.

ஏற்கெனவே விழுந்துவிட்டவர் எழும் வழி இது: அவசர நிலையின் கட்டளைக் குறி கிடைத்தால், "மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /" என்று தட்டி மூல பார்ட்டிஷனை எழுதத்தக்கதாக்கிக்கொண்டு, "நானோ" எடிட்டரால் எஃப்எஸ்டேப்பைத் திறந்து, குற்றவாளி வரியின் தலையில் ஒரு # குறி வைத்துச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். டெபியனை நிறுவும்போது ரூட் பாஸ்வேர்ட் வைக்காமல் விட்டவர்களுக்கோ, ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்ற பதிலே கிடைக்கும். உள்ளே விடவும் மாட்டாது, வெளியே போகவும் வழி சொல்லாது. அப்போது லைவ் பென் டிரைவிலிருந்து எழுப்பி, வெளியிலிருந்தபடியே அந்த ஃபைலைத் திருத்துவதே சுலபம். லினக்ஸை நிறுவிய பென் டிரைவை, நிறுவி முடித்ததும் சினிமாப் படம் ஏற்ற அழித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பீரோச் சாவியைப் போல ஓர் இடத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே யந்திரத்தில் குடித்தனம் செய்யும் வீடுகளில் எழும் சச்சரவுகள் தனி வகை. அவற்றுள் நம் தேசத்துக்கென்றே ஓர் அடையாளம் உள்ளது: கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகி நிற்கும். காலை 10 மணிக்கு லினக்ஸைத் திறந்தால் மாலை 3.30 என்று காட்டும். அல்லது லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் விடியற்காலை 4.30 ஆகிவிடும். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்கிறது. அதுவே உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் கொண்டு, அதன்மேல் ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று லினக்ஸைப் பணியவைப்பது எளிது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் தேசங்களில் இது தொல்லை தரும் எனினும், அவ்வழக்கமில்லாத இந்தியாவில் பாதகமில்லை. பிசகு ஐந்தரை மணியாக இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்து, பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று மறுத்து, "ஏபிடி"யும் புதுப்பிக்க மறுத்தால், லினக்ஸைக் குறை சொல்லாமல், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்னும் நாணய வடிவ பேட்டரியை மாற்றுங்கள்.

மற்றொரு சச்சரவு, விண்டோஸின் டி டிரைவ் லினக்ஸில் திறக்கிறது, ஆனால் எதையும் எழுத விடுவதில்லை என்பது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, "ஷட் டவுன்" என்பது முழு உறக்கமன்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டினால் அது பாதிக் கண்ணை மூடியபடி டிஸ்கைத் தன் கைப்பிடியிலேயே வைத்திருக்கிறது. அந்நிலையில் லினக்ஸ் எழுதினால் ஃபைல்கள் சிதையும் என்பதால், அது எழுத மறுப்பதே முறை. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. பலவந்தமாக எழுதவைக்கும் உபாயங்களும் உண்டு. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வைஃபையைப் பற்றிய முறையீடுகளே என்னிடம் அதிகம் வருவன. நிறுவியதும் வைஃபை என்ற சொல்லே மெனுவில் இல்லை என்றால், "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று முதலில் பாருங்கள். மடிக்கணினியின் பக்கத்துச் சுவிட்சோ ஒரு விசையோ தவறுதலாக அமுங்கி ரேடியோ அணைந்திருக்கலாம். அது இல்லையென்றால் "எல்எஸ்பிசிஐ -கே" என்ற கட்டளையில் நெட்வொர்க் கருவியின் பெயருக்குக் கீழே, எந்த டிரைவர் வேலை செய்கிறது என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரியே இல்லை என்றால் டிரைவர் இல்லை. வரி இருந்தும் வைஃபை இல்லை என்றால், பெரும்பாலும் கருவிக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரல் கிடைக்கவில்லை. பிராட்காம் சிப்புகள் சிலவற்றில் இது நெடுநாளைய வியாதி. மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை வைத்துக்கொள்வதில்லை என்ற கொள்கையினால் டெபியனின் பழைய நிறுவல் பிரதிகளில் அவை இடம்பெற்றதில்லை. 2022இல் அதன் உறுப்பினர் வாக்களித்து மனம் மாறிய பின், 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அவை உள்ளேயே வருகின்றன. ஆகையால், பழைய பிரதியை வைத்துக்கொண்டு மல்லாடுபவர் புதியதை இறக்கிக்கொள்வதே உத்தமம். வைஃபை டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்ற விஷச் சக்கரத்தில் அகப்பட்டவர், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங் என்பதைத் தட்டிவிட்டால், கேபிள் வழியாகவே இணைப்பு வந்துவிடும்.

இணைப்பு இருக்கிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்பது வேறு கதை. "பிங் 8.8.8.8" பதில் தந்து, தளத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் தெரியவில்லை என்று கைவிரித்தால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் ஏற்பாட்டில்தான் பழுது. "/இடிசி/ரிசால்வ்.கான்ஃப்" ஃபைலில் 127.0.0.53 என்ற முகவரியைக் கண்டு, இது தப்பு என்று அழித்து வேறு எண் எழுதுகிறவர் பலர். அது தப்பன்று, உள்ளேயே இருக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற குமாஸ்தாவின் முகவரி அது. அவன் வெளியே யாரைக் கேட்கிறான் என்பதை "ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்" காட்டும். மாற்ற வேண்டியதை நெட்வொர்க் மேனேஜரில் மாற்ற வேண்டும்.

என்விடியா கார்டு உள்ள யந்திரம் நிறுவிய அன்றே கறுப்புத் திரையோடு நின்றால், கிரப் பட்டியலில் அந்த வரியின்மீது நின்று "இ" விசையைத் தட்டி, "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் "நோமோட்செட்" என்று சேர்த்து, எஃப்10 தட்டுங்கள். மங்கலான திரையோடாவது உள்ளே போய், தக்க டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். நிறுவியபோது ஒரு பாஸ்வேர்ட் கேட்டதே, அது எதற்கு என்று யோசித்தீர்களா? செக்யூர் பூட் இயங்கும் யந்திரத்தில், கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. அந்தக் கையொப்பத்துக்கு உரிய சாவியைப் பதிவு செய்யவே அந்தப் பாஸ்வேர்ட். அடுத்த தடவை எழும்போது ஒரு நீலத் திரை சில விநாடிகளே தோன்றி, "என்ரோல் எம்ஓகே" என்று கேட்கும். காப்பி எடுத்துவர எழுந்து போனவர் அதைத் தவறவிடுவார். டிரைவர் நிறுவியும் பயனில்லை என்று மறுநாள் வருந்துவார்.

இடம் தீர்ந்துபோன டிஸ்க் பல வேஷங்களில் வரும். சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் மறுபடி மறுபடி லாகின் திரைக்கே திரும்பி வந்தால், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்கி, எழுத்து மட்டுமே உள்ள திரைக்குப் போய் "டிஎஃப் -எச்" என்று கேட்டுப் பாருங்கள். நூற்றுக்கு நூறு என்று காட்டினால் காரணம் அதுவே. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக நூற்றுக்கு ஐந்து பங்கை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைப்பதால், உங்களுக்கு இடமில்லாதபோதும் சூடோவுக்குக் கொஞ்சம் இடம் இருக்கும். அதைக்கொண்டு வேலையை முடிக்கலாம். "ஏபிடி கிளீன்" ஒரு பங்கையும், "ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்" (கடைசி எழுத்து மட்டும் பேரெழுத்து) ஒரு பங்கையும் விடுவிக்கும். பெரிய ஃபைலை அழித்தும் இடம் கூடவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிரலை நிறுத்தினாலொழிய இடம் திரும்பாது. இடம் நிறைய இருந்தும் இல்லை என்று சாதித்தால் "டிஎஃப் -ஐ" என்று பாருங்கள். கோடிக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள், ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோடு எண்ணிக்கையைத் தீர்த்திருக்கும்.

புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. எழுந்தபின் "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", அதன்பின் "ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்", இவ்விரண்டும் போதும். பூட்டு இருக்கிறது என்று ஏபிடி மறுத்தாலும், லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். பின்னணியில் தானாகவே நடக்கும் புதுப்பிப்பு முடியும்வரை பத்து நிமிஷம் பொறுத்தால் பூட்டு தானே திறக்கும்.

அனுமதிகளைப் பற்றி இரண்டே வார்த்தை. எது மறுத்தாலும் "சிஎச்மோட் 777" போடுவது, கதவு இறுகினால் நிலையையே பெயர்ப்பது போன்றது. ஒருவரைப் புதிய குழுவில் சேர்க்க "யூசர்மோட் -ஏஜி" எழுதும்போது (இதில் ஜி பேரெழுத்து) அந்த ஏ எழுத்தை விட்டுவிட்டால், அவர் இருந்த மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் நீங்கிவிடுவார். சூடோ குழுவும் அதில் போகும். சேர்த்தபின் வெளியேறி மறுபடி உள்ளே வந்தாலொழிய அது பலிக்காது.

கடைசியாக, நம் எழுத்தைப் பற்றி. தமிழ் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்பதே காரணம்; "எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ" என்று கேட்டு ஒன்றும் வராவிட்டால், நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். தட்டெழுத ஐபஸும் அதனோடு எம்17என் என்னும் தொகுப்பும் வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 முறை அதிலேயே இருக்கிறது. நிறுவியபின் ஒருமுறை வெளியேறி வராமல் அது பட்டியலில் தலைகாட்டாது. யந்திரத்தின் மொழியையே தமிழாக்கிக்கொண்டவர்கள், மேலே சொன்ன எழுத்து மட்டுமுள்ள திரையில் தமிழ் ஒழுங்காக வராது என்பதை அறிய வேண்டும்; அங்கே எந்தக் கட்டளைக்கு முன்னும் "எல்சி_ஆல்=சி" என்று சேர்த்தால் (இதை முழுவதும் பேரெழுத்தில் தட்ட வேண்டும்) பிழைச் செய்தி ஆங்கிலத்தில் படிக்கும்படி வரும். கீபோர்ட் பட்டியலிலும் ஆங்கிலத்தையே முதலாவதாக வைத்துக்கொள்க. தமிழை முதலில் வைத்த நண்பர் ஒருவர், லாகின் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த பாஸ்வேர்டை ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார். திரையின் மேல்மூலையில் இருந்த மொழிக்குறியை நான் காட்டியபின், அதைச் சொடுக்கி மாற்றி, முதல் தடவையிலேயே உள்ளே போனார்.